பிரசீதாவுக்கு ஆள் வேண்டும்

கவிதை வாசித்தவர் தாளை மடிப்பதற்குள் பிரசீதா கேட்டுவிடுவாள்: “அதெல்லாம் செரி, இது ஆராக்கும்?”

பாறசாலையில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள் அவள். குளத்தூர் வாசகசாலையில் மாதமொரு ஞாயிறு நடக்கும் கவிதைக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்துவிடுவாள். ஊரில் யார் முகத்தையாவது பொருத்திப் பார்க்காமல் அவளுக்கு எந்தக் கவிதையும் பிடிபடாது. இலையுதிர்ந்த மரம் என்றால், “நம்ம பொன்னையன் மாமனாக்கும். ரிட்டயர் ஆன பெறவு ஒருத்தனும் அந்த வழி போறதில்ல.” கரையை விடாத அலை என்றால், “விஜயம்மா சேச்சி. மாப்பிளைய ஒரு நேரம் சும்மா விடமாட்டா.” அன்று விஜயம்மா பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்காகப் பிரசீதா திருந்திவிடவில்லை. இப்போது சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்.

கூட்டத்தை நடத்தும் சதாசிவன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். “கவிதையில ஆளைத் தேடப்பிடாது பிரசீதா. அனுபவத்தைத் தேடணும்” என்று தலையில் அடித்துக்கொள்வார்.

“ஆளில்லாம அனுபவம் எப்பிடி சாரே வரும்?”

சென்ற மாதம் அவரே எழுதிய ஒன்றை வாசித்தார். யாருமில்லாத அறை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. வீட்டிலிருப்பவர் அதை அணைப்பதில்லை.

“தனிமையைப் பற்றியது” என்றார்.

“தனிமைக்கு ஆராவது ஃபேன் போட்டு வைப்பாவளா சாரே? எனக்க அம்மை செத்தப்போ, அவ கேட்ட ரேடியோவ நான் ரொம்ப நாளு அணைக்கல்ல. இது நம்ம அஜீஷாக்கும்.”

அஜீஷ் சதாசிவனின் மகன். சர்ச்சில் வைத்து ஜிஜியைக் கல்யாணம் செய்துகொண்டு கோட்டுகாலுக்குக் குடிபோனவன். அதன்பிறகு அப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. சதாசிவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டு வீடு போன பிரசீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே மன்னிப்புக் கேட்க ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குப் போனாள்.

“சாரே, நான் ஒரு வெவரமில்லாம…”

“அதை விடு” என்றவர், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “அவன் நம்பரை மாத்தியிட்டான். உனக்க கையில உண்டா?”

இருந்தது. ஜிஜி புருவம் திருத்த வருவது அவளிடம்தான். எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். ஜன்னல் திறந்துகிடந்தது.

“மக்கா…” என்று உடைந்த குரல் கேட்டது.

ஊர்க்கதை எதையும் காதில் வாங்காமல் விட்டதில்லை பிரசீதா. அவள் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தாள். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, ஆக்சிலேட்டரைச் சத்தம் வர முறுக்கிக்கொண்டே இருந்தாள்.