யாருக்கு எத்தனை 'ங்க': பேராசிரியர் ராஜாமணியின் சினிமா வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை செய்தித்தாளைப் பாதி படித்திருந்தபோது தொலைபேசி அடித்தது. பேராசிரியர் ராஜாமணியின் மகள் பேசினார். "சார், அம்மா போயிட்டாங்க சார். காப்பி குடிச்சுட்டு நாற்காலியில உக்காந்தாங்க, அப்படியே..." அதற்கு நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கும்மா?" என்பது. எதையும் நேரத்தோடு குறித்துவைத்தே பழகிவிட்டேன். ஆறுதலாக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் அழுகைக்கு நடுவிலும், "ஏழே காலு இருக்குங்க சார்" என்று பொறுப்பாகப் பதில் சொன்னார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் கூடியிருந்த பழைய மாணவர்கள் நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றார்கள். எனக்கு உருக்கமாக எழுத வராது என்றேன். "நம்பர் போட்டு எழுதுங்க சார், உங்களுக்கு வந்துரும்" என்றார் ஒருவர். வகுப்பில் நான் நடத்திய விதம் அவருக்கு மறக்கவில்லை போலிருக்கிறது. அவர் சொன்னபடியே, வழி தவறாமலிருக்க, எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அவர் எங்கள் சமூகவியல் துறைக்குள் சினிமாவைக் கொண்டுவந்ததும், நான் அதை எதிர்த்ததும்.
2. தியேட்டரில் அவர் எனக்குக் கொடுத்த வேலை.
3. 'ங்க' தாள்.
4. ஒரு மாணவியின் தகப்பனார் வந்ததும், அந்த வகுப்பு நின்றுபோக இருந்ததும்.
5. மேல் கீழ் பார்க்காத எங்கள் நட்பு.
6. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை.

ராஜாமணி எங்கள் கல்லூரிக்கு வந்தபோது நான் துறைத் தலைவராக இருந்தேன். அவர் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டமும் மேற்பட்டமும் வாங்கியவர். அதனால் வேலைக்கு வரத் தாமதமாகிவிட்டது. வயதில் என்னைவிட இரண்டு மூத்தவர். பணியில் எனக்குப் பல ஆண்டுகள் இளையவர். சமூக அடுக்குகள் பற்றிய பாடத்தை அவரிடம் ஒப்படைத்தேன். இரண்டாம் வாரமே அந்த வகுப்பறையிலிருந்து துப்பாக்கிச் சத்தமும் பாட்டும் கேட்டன. எட்டிப் பார்த்தால், சுவரில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் பார்த்துத் தீர்த்த, எல்லாருக்கும் வசனம் மனப்பாடமான மசாலாப் படம்.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னம்மா ராஜாமணி, சிலபஸ்ல சினிமா எங்கே இருக்குது?"

"சிலபஸ்ல இல்லீங்க சார். பசங்க தலைக்குள்ள இருக்குதுங்க."

"அதெல்லாம் பொய்யும்மா. சினிமாவைப் பார்த்துச் சமூகத்தைத் தெரிஞ்சுக்க முடியுமா?"

"பொய் சொல்லட்டுங்க சார். எந்த இடத்துல பொய் சொல்ல வேண்டியிருக்குதுன்னு பாத்தாப் போதுமுங்க. அங்கதான் நமக்கு வேலை."

பதில் கிடைக்காதபோது நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "சரி, பாக்கலாம்." அதை அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார். அவரிடம் படித்த உங்களுக்கு அவர் போட்ட கேள்விகள் நினைவிருக்கும். இந்தப் படத்தில் பெயரே வைக்கப்படாத ஆட்கள் எத்தனை பேர்? வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார், அதைக் காட்டுகிறார்களா? கதாநாயகன் என்ன வேலை பார்த்துப் பிழைக்கிறான்? "ஹீரோவைப் பாக்காதீங்க கண்ணு, அவரை எல்லாரும் பாப்பாங்க. அவருக்குப் பின்னாடி கைகட்டி நிக்கறவங்களைப் பாருங்க" என்பார். நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் முக்கோணம் வரைந்து நடத்திய பாடம் அது. அவர் நடத்தியபோது பின்பெஞ்சுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு பேசினார்கள். பொறாமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுவது நல்லது.

ஒருநாள் வகுப்பையே பகல் காட்சிக்கு அழைத்துக்கொண்டு போனார். துணைக்கு ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்பதால் என்னையும் அழைத்தார். நான் தியேட்டருக்குள் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. இடைவேளை வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். ராஜாமணி ஒரு நோட்டை நீட்டினார்.

"சார், உங்களுக்கு ஒரு வேலைங்க. திரையைப் பாக்காதீங்க. ஆளுங்களைப் பாருங்க. எங்கெங்கே சிரிக்கறாங்க, யாரு சிரிக்கறாங்கன்னு எழுதுங்க."

"இருட்டுல எப்படிம்மா எழுதறது?"

"குத்துமதிப்பா எழுதுங்க சார். வெளியே போயிப் படிச்சுக்கலாங்க."

எழுதினேன். நகைச்சுவை நடிகர் ஒரு கிழவரைக் கன்னத்தில் அறையும் இடத்தில் அரங்கமே குலுங்கியது. எனக்கு இரண்டு வரிசை முன்னால், ஏதோ கம்பெனிச் சீருடையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க சூப்பர்வைசரு கையி மாதிரியே இருக்குதக்கா" என்றார். அதற்குத்தான் அவர்கள் சிரித்தார்கள். அரங்கம் அமைதியாக இருந்த நேரத்தில். அதையும் குறித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அட்டவணை போட்டு, மறுநாள் கொடுத்தேன். ராஜாமணி நின்றபடியே முழுவதையும் படித்தார். "சார், இப்படி ஒருத்தரும் எழுதிக் குடுத்ததில்லைங்க. இது ஆராய்ச்சிங்க" என்றார். என் ஆய்வேடு முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது. மனிதர்கள் நடுவில் உட்கார்ந்து நான் செய்த முதல் வேலை அந்த அட்டவணைதான். ஓய்வு பெற ஆறு ஆண்டுகள் இருக்கும்போது அதை எனக்குத் தந்தவர் அவர்.

மூன்றாவது, 'ங்க' தாள். நம் கோவைப் பக்கத்தில் 'ங்க' போடாமல் பேச வராது என்று நமக்கு ஒரு பெருமை உண்டு. வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி அந்தப் பெருமை இன்னும் கூடியிருக்கிறது. ராஜாமணி ஒரு பண்ணையார் படத்தை ஓடவிட்டு, ஒரு தாளை இரண்டாகப் பிரித்துக் கோடு போடச் சொன்னார். இந்தப் பக்கம் யார் 'ங்க' கொடுக்கிறார். அந்தப் பக்கம் யாருக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு 'ங்க'வுக்கும் ஒரு கோடு. படம் முடிந்தபோது பண்ணையார் பக்கம் கோடு போட இடமில்லாமல் போயிற்று. வண்டி ஓட்டுகிறவருக்கு ஒன்றுகூட இல்லை. மாணவர்கள் இயக்குநரைத் திட்டினார்கள். எங்கள் ஊரில் அப்படிக் கிடையாது, எல்லாருக்கும் மரியாதை உண்டு என்றார்கள்.

"அப்படியாங்க? சந்தோசம். அப்ப அடுத்த வாரம் ஊட்டுல ஒருநாள் தாள் போட்டுட்டு வாங்க" என்றார்.

அந்த அடுத்த வாரக் கடைசியில்தான் ஒரு மாணவியின் தகப்பனார் வந்தார். தாராபுரம் பக்கம் தோப்பும் காடும் உள்ளவர். கல்லூரி நிர்வாகத்தில் இருந்த ஒருவருக்கு உறவு. நேராக என் அறைக்குள் வந்தார்.

"ஏனுங்க, நீங்கதானுங்க இங்க பெரியவரு?"

"வாங்க, உக்காருங்க, என்ன விசயமுங்க?" என்றேன்.

"உக்கார வரலீங்க. என்ற புள்ள இங்க படிக்க வருதா, என்ற ஊட்டை வேவு பாக்கப் பழகுதா?"

ஒரு தாளை மேசையில் போட்டார். அவர் மகளின் கையெழுத்து. 'ரங்கன், வயது அறுபதுக்கு மேல், எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர். ஒரு நாளில் அவருக்குக் கிடைத்த ங்க: இல்லை. எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்குக் கிடைத்த ங்க: இரண்டு (வாங்க, சாப்புடுங்க).'

"நாயெல்லாம் எழுதியிருக்குதுங்க!" என்றார். குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது.

நான் பயந்தேன். யோசிக்காமல், "அந்த வகுப்பை நிறுத்திப்போடறேனுங்க, நான் பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ராஜாமணியை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் வாசலில் தலைகாட்டியதும், "இங்க வாம்மா ராஜாமணி. என்ன பண்ணி வெச்சிருக்கே பாரு" என்றேன்.

அவர் தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். பிறகு தண்ணீர்ச் சொம்பை எடுத்து அந்தத் தகப்பனார் பக்கம் வைத்தார். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க மொதல்ல."

"அம்மணி, உங்களுக்கு ஒண்ணு சொல்றேனுங்க. ரங்கனும் நானும் சின்ன வயசுல ஒண்ணா ஆடு மேச்சவங்க. அவனைப் போயி வாங்க போங்கன்னா அவனே சிரிப்பானுங்க. இது பாசமுங்க. நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க."

"பாசந்தானுங்க. நானு இல்லேன்னு சொல்லலீங்க" என்றார் ராஜாமணி. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க பாசத்துல 'வாடா ரங்கா'ங்கறீங்க. அவரு பாசத்துல உங்களை என்னன்னு கூப்பிடுவாருங்க?"

தகப்பனார் சட்டென்று வாயைத் திறந்தார். "சின்னப் பண்ணாடிம்பான்" என்றார் மெதுவாக. பண்ணையத்துக்காரரைக் கூலியாள் கூப்பிடும் சொல் அது. "வாங்க சின்னப் பண்ணாடி, உக்காருங்க சின்னப் பண்ணாடின்னு..."

ராஜாமணி வெற்றி பெற்ற முகம் காட்டவில்லை. அந்த மனிதர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருத்தலை நான் இன்னும் வியக்கிறேன். நானாக இருந்தால் அங்கே ஒரு கோட்பாட்டைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

கிளம்பிப் போகும்போது தகப்பனார், "கிளாசு நடத்துங்க அம்மணி. அந்த நாய் சங்கதியை மட்டும் எடுத்துப்போடுங்க" என்றார்.

"பேரை எல்லாம் எடுத்துப்போடறேனுங்க. நாயி இருக்கட்டுங்க" என்றார் ராஜாமணி.

அந்த மனிதர் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

அவர் போன பிறகு நான் ராஜாமணியிடம் ஒப்புக்கொண்டேன். "உன்னைக் கேக்காமலே நிறுத்தறேன்னு சொல்லிட்டேன்."

"பயந்துட்டீங்களாங்க சார்? உடுங்க. பயந்தவங்கதான் எதையும் உடாம எழுதி வெப்பாங்க. உங்க அட்டவணை எனக்கு இன்னும் வேணுமுங்க."

அந்த வகுப்பு அவர் ஓய்வு பெறும்வரை நடந்தது. அதன் பிறகு தாள்களில் பெயர் எழுதும் பழக்கம் மட்டும் நின்றது. என் கோழைத்தனத்தை அவர் வெளியே யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. துறைக் கூட்டங்களில், "எங்க சாரு இல்லீன்னா இந்தக் கிளாசே இல்லீங்க" என்றுதான் பேசுவார்.

ஐந்தாவதாக, எங்கள் நட்பு. மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் பதினெட்டு ஆண்டுகள் சாப்பிட்டோம். என் மனைவி வைக்கும் ரசத்துக்கு அவர் ரசிகை. அவர் கொண்டுவரும் கொள்ளுப் பருப்புக்கு நான். என் கட்டுரைகளில் ஒரு பக்கத்துக்கு நாலு இடத்தில் 'இருக்கலாம்' என்று எழுதுவேன். மூன்றை அவர் அடித்துவிடுவார். அவருடைய பதவி உயர்வு விண்ணப்பங்களை நான் எழுதிக் கொடுப்பேன். சினிமாவா நூலகமா என்று கைகழுவும் இடம்வரை வாதாடிக்கொண்டே போவோம். துறைத் தலைவர், புதிதாக வந்தவர் என்ற எண்ணம் எங்களுக்குள் இருந்ததில்லை. அவர் ஆலையிலிருந்து வந்தவர், நான் படித்த குடும்பத்திலிருந்து வந்தவன் என்பதும் இடையில் வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை. தொலைக்காட்சியில் எந்தப் படம் ஓடினாலும் பின்னால் நிற்பவரைத் தேடும் கண். எதற்கும் பதில் தெரியாதபோது, கோட்பாடு சொல்லாமல் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்ற தைரியம். அதைக் கொஞ்சம்தான் பழகியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தகப்பனாரிடம் அவர் கேட்ட கேள்வி. வேறு யாரிடமிருந்தும் நான் இத்தனை கற்றதில்லை.

இங்கே முடித்துவிட்டு, எழுதியதைச் சரிபார்த்தேன். அவருக்கு எழுதும் அஞ்சலியில் அவர் முறையைச் செய்து பார்ப்பது பொருத்தம் என்று தோன்றியது. ஒரு தாளை எடுத்து, மேலே உள்ள பேச்சுகளுக்கு மட்டும் கோடு போட்டேன். ராஜாமணி எனக்குக் கொடுத்தவை ஒரு வரிசையை நிறைத்தன. சத்தம் போட்டுக்கொண்டு வந்த, முன்பின் அறியாத தகப்பனாருக்கு முதல் வார்த்தையிலேயே நான் கொடுத்திருக்கிறேன். ராஜாமணிக்கு நான் கொடுத்தது ஒன்றுமில்லை. 'வாம்மா', 'வெச்சிருக்கே', 'உன்னை'. நினைவில் இருக்கும் மற்றப் பேச்சுகளையும் ஓட்டிப் பார்த்தேன். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தடவையாவது 'வாங்க ராஜாமணி' என்று சொல்லியிருப்பேன் என்று தேடினேன். கிடைக்கவில்லை.

பாசத்தில் அப்படிப் பேசினேன் என்று ஒரு வரி எழுதினேன். பிறகு, அவர் பாசத்தில் என்னை என்னவென்று கூப்பிட்டார் என்று எழுத வேண்டியிருந்தது. 'சார்' என்று கூப்பிட்டார். இரண்டு வயது மூத்தவர்.

யாரிடம் எத்தனை 'ங்க' என்று காதைத் தீட்டிவைத்திருந்தவருக்கு இது கேட்காமல் இருந்திருக்காது. ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. என்னை மன்னித்தாரா, நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. இந்தக் கட்டுரை நெடுக அவரை 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன். எழுத்தில் அது எனக்குச் சுலபமாக வந்திருக்கிறது.

மேல் கீழ் பார்க்காத நட்பு என்று ஐந்தாவதாக நான் எழுதியது தவறு.