இரண்டு விரல்

எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் ஒரு நீலத் துண்டு இருந்தது. டைப்பிங் மிஸ் அதை எங்கள் கைகளின் மேல் போர்த்திவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வார். எழுத்தைப் பார்க்காமல் பத்து விரலாலும் அடிக்க வேண்டும். துண்டைத் தூக்கி யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று அவர் பார்ப்பார். அவர் பார்க்கிறாரா என்று நாங்கள் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு பாதி இந்தச் சந்தேகத்திலேயே போனது. எனக்கு அந்த வித்தை சீக்கிரம் வந்துவிட்டது. சுண்டுவிரல்கூடச் சொன்ன பேச்சைக் கேட்டது.

மிஸ் வகுப்பில் எல்லார் முன்னிலும் பாராட்டினார். அது எப்படியோ பள்ளி அலுவலகத்தின் காதுக்குப் போய், சுற்றறிக்கை அடிக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, எனக்கென்று ஒரு டீ. தில்லி கரோல் பாக்கில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு ஓடிவந்து பெருமையாகச் சொன்னேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, எந்தப் பீரியடில் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் கேட்டாள். கணக்கு என்றேன். பிசைந்த கை நின்றது.

“சோழியன் குடுமி சும்மா ஆடாதுடி,” என்றாள்.

அம்மா ஒரு அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. அவள் வேகத்துக்கு அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. பதவி உயர்வுத் தேர்வு எழுத அவள் லீவு கேட்கும்போதெல்லாம், நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஆபீஸ் என்ன ஆகும் என்று அதிகாரிகள் உருகுவார்களாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஒரு கடிதம் அடிக்க அரை நாள் எடுத்துக்கொண்டவர்கள், அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள், மளமளவென்று மேலே போனார்கள். அவள் அதே நாற்காலியில் இருந்தாள். புகழ்ச்சி என்றால் அம்மாவுக்குப் பயம் வந்தது இப்படித்தான். அது எனக்கும் தொற்றிக்கொண்டது. யாராவது என்னைப் புகழ்ந்தால் இன்றும் முதலில் கைப்பை பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

கணக்கை விட்டால் மகளும் தன் நாற்காலிக்கே வந்து சேருவாள் என்று அம்மா நினைத்தாள். மறுநாளிலிருந்து தப்புத் தப்பாக அடிக்கச் சொன்னாள். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விரல்கள் சரியான எழுத்துக்கே ஓடும். இழுத்துப் பிடித்துப் பக்கத்து எழுத்தில் தள்ள வேண்டும். இரண்டு சுற்றறிக்கைகளைக் குதறியதும் அலுவலகம் என்னைக் கைவிட்டது. ஆனால் மிஸ் விடவில்லை. வகுப்பில் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். பெற்றோர் கூட்டத்தன்று அம்மாவையும் என்னையும் தனியே அழைத்தார்.

“தெரியாம பண்ற தப்பு ஒரு இடத்துல நிக்காதுங்க. உங்க பொண்ணு தினமும் நாலாவது வார்த்தையில கரெக்டா தப்பு பண்றா.”

அம்மா மறுக்கவில்லை. என் மகளைக் கணக்குப் பீரியடில்தான் கூப்பிடுகிறார்கள், பையன்களில் ஒருவனைக்கூடக் கூப்பிட்டதில்லை, ஏன் என்று கேட்டாள். மிஸ் என் பக்கம் திரும்பி, இனிமேல் வேறு வேறு வார்த்தையில் தப்புப் பண்ணு என்றார். பொறி வைக்கிறாரோ என்றுதான் தோன்றியது. அவரும் எங்கள் கட்சி என்று நம்ப எனக்குப் பல மாதம் ஆயிற்று.

இப்போது குர்கானில் ஒரு கம்பெனியில் நான் மேலாளர். மீட்டிங்கில் யார் குறிப்பெடுப்பது என்ற பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் பெண்கள் பக்கம் திரும்பும். நான் உடனே இரண்டு விரலால் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்துவேன். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அச்சா, நீங்க விடுங்க மேடம் என்பார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பத்து விரலும் வெளியே வரும்.

அம்மா அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெற்றாள். விழாவுக்கு நானும் போயிருந்தேன். மாலை, சால்வை, சமோசா. அதிகாரி ஒரு பக்கப் பாராட்டுரையைத் தடுமாறாமல் படித்தார்: உழைப்பாளி, நேர்மையாளர், இந்த அலுவலகத்தின் தூண். கேட்கக் கேட்க எனக்கு வழக்கம்போல் என்னவோ உறுத்தியது. மெட்ரோவில் திரும்பும்போது, அதை யார் டைப் அடித்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

“நான்தான். காலையில ஜல்தி வேணும்னாங்க. வேற யாருக்குடி அங்க அவ்ளோ வேகமா வரும்?”

அம்மா தன்னை வழியனுப்பும் உரையைத் தானே அடித்துக் கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.