சால்வைக்கு நிற்காத சைக்கிள்

பாகூர் கொம்யூன் ஊர்களில் ஜேசிபி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். கரும்பு வெட்டிய கையாலேயே ஜேசிபி வாங்கியவர் பலராமன் ஒருவர்தான். இதை அவர் வாயால் கேட்காதவர் அந்தப் பக்கத்தில் யாரும் பாக்கி இல்லை. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். கையெழுத்து மட்டும் பள்ளிக்கூடம் கொடுத்தது. மிச்சமெல்லாம் முதுகு கொடுத்தது. ஐம்பத்தாறு வயதில் தொந்தி சற்று முன்னே போனாலும் தோள்கட்டு இன்னும் தளரவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு முள். மனைவி ஆதிலட்சுமியின் அண்ணன் முத்துசாமி. தலைமுறை தலைமுறையாக நிலக்காரர். தங்கையைக் கரும்பு வெட்டுகிறவனுக்குக் கொடுத்த வருத்தம் அவருக்குத் தீர்ந்தபாடில்லை. போன வருஷம் ஒரு காதுகுத்துப் பந்தியில் நாலு பேர் காதுபடச் சொன்னார்.

"நம்ம மாப்ள எல்லாத்தையும் ஜோரா ஆரம்பிப்பாரு. பள்ளிக்கூடம், கட்சி, கோழிப்பண்ணை. முடிச்சது எதுனா உண்டா, கேட்டு சொல்லுங்க."

பந்தி சிரித்தது. பாதியில் எழுந்தால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள் என்று பலராமன் பாயசம் வரை உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த வாரமே அக்கா மகன் புகழேந்தி போனில் ஒரு பந்தயத்தைக் காட்டினான். முதலில் கடலில் நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில், வைத்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். பெயர் டிரையத்லான்.

"இதுக்கு இன்னாடா பேரு வேற? கெணத்துல நீந்தி, சைக்கிள்ல கடலூருக்குக் கீரை மூட்டை போட்டு, மாடு கயித்த அத்துக்கினா பின்னாலயே ஓடி, நான் தெனம் பண்ணது இது."

"வாயால ஓடாத மாமா. பேரு குடுக்கட்டுமா?"

"குடு. இந்த சீசன் முடியறதுக்குள்ள ஒண்ணாவது முடிச்சு முத்துசாமி மச்சானுக்குக் காட்டறேன்."

பலராமன் சொன்னால் சொன்னதுதான். வில்லியனூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மாலிக் அவருக்கு ஏற்ற வண்டியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். அதோடு விடாமல் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கூடவே வந்தார். இவரைத் தனியாக விட முடியாது என்பது அவர் அபிப்பிராயம்.

முதல் பந்தயம் மகாபலிபுரம் பக்கத்தில். பலராமனுக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். தலையைத் தூக்கி, சுவருக்குச் சுவர் போய்த் திரும்புவது. கடலில் சுவர் ஏது? அலை வாயில் அடித்தது. படகில் ஏற்றிக் கரையில் விட்டார்கள். அதன்பின் மூன்று மாதம் மணப்பட்டு மீனவர்களோடு விடியலில் கடலில் கிடந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தப் பழகினார்.

இரண்டாவது பந்தயம் செங்கல்பட்டுப் பக்கம், நீச்சல்குளத்தில். நன்றாகவே நீந்தினார். மற்றவர்கள் சொட்டச் சொட்ட ஓடிச் சைக்கிளில் ஏறினார்கள். பலராமன் துண்டை எடுத்து நிதானமாகத் தலை துவட்டினார். துண்டைக் கட்டிக்கொண்டு கால்சட்டை மாற்றினார். பொட்டலத்தைப் பிரித்துத் திருநீறு பூசி, கிழக்கே பார்த்துக் கண்ணை மூடினார்.

வேலிக்கு வெளியே மாலிக் தவித்தார். "அண்ணே, சாமியை அப்பறம் கும்பிடலாம். ஏறுங்க."

"ஈரத் தலையோட போவறதுக்கு நான் இன்னா எழவுக்கா வந்திருக்கேன், பாய்?"

சைக்கிள் முடிக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பேரை அடித்துவிட்டார்கள்.

அந்த சீசனில் மிஞ்சியது ஒன்றுதான், மணப்பட்டில். கடலில் நீந்தி, பாகூர் வரை சைக்கிளில் போய்த் திரும்பி, கடலோரச் சாலையில் ஓட வேண்டும். சொந்த மண். தோற்றால் தோற்றது ஊருக்கே தெரியும். புகழேந்தி முந்தின நாளே பாகூர் முக்கூட்டில் ஆளுயரத்துக்கு பேனர் கட்டிவிட்டான். பலராமன் வெற்றி பெற்றதற்கு உற்றார் உறவினர் வாழ்த்து என்று அதில் போட்டிருந்தது.

"இன்னும் ஓடவே இல்லியேடா."

"நாளைக்குக் கட்டினா எடம் கெடைக்காது மாமா."

காலையில் பந்தய விதிகளை இங்கிலீஷில் சொன்னார்கள். மாலிக் கேட்டு வந்து சொன்னார். "பந்தயக்காரங்க தர்றதைத் தவிர வெளியாள் கையால ஒரு சாமானும் வாங்கக் கூடாதாம் அண்ணே. வாங்கினா அவுட்."

"எனக்கு எவன் குடுக்கப் போறான்? குடுத்தே பழகின கை இது."

நீந்தினார். ஈரத் தலையோடு சைக்கிளில் ஏறினார். திருநீறு இல்லாத நெற்றி என்னவோ போலிருந்தது. எதிர்காற்று. பாகூரை நெருங்கும்போது, கெடுவுக்குள் முடிக்க நேரம் சரியாக இருந்தது. மூச்சு வாங்கி நிற்க இடமில்லை. நடுவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்.

முக்கூட்டில் மேளம் கேட்டது. பேனருக்குக் கீழே கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளை வேட்டியில் ஒருவர் சாலைக்கு வந்தார். இரண்டு கையிலும் விரித்த சால்வை. முத்துசாமி.

புகழேந்தி அவரைப் போய்க் கூப்பிட்டிருக்கிறான். பேனரில் தம் படமும் இருக்கும் என்று வந்தாரா, வேறு எதற்காவது வந்தாரா, அது அவருக்கே வெளிச்சம். பலராமன் முதல் ஜேசிபிக்குப் பூஜை போட்ட நாளிலும், மகள் கல்யாணத்திலும் ஒரு சால்வை கொண்டு வராத மனிதர். இந்தப் பக்கத்தில் பந்திக்குக் கூப்பிட்டும் போகாமல் இருந்தால்கூடப் பொறுப்பார்கள். விரித்த சால்வைக்குத் தலை குனியாமல் போனால், விரித்த கையில் அடித்த மாதிரி.

பலராமனின் விரல் பிரேக்கில் விழுந்தது. வண்டி தளர்ந்தது.

"எறங்குங்க மாப்ள," என்றார் முத்துசாமி. குரலில் கிண்டல் இல்லை.

"வாங்கினா அவுட்டாக்கிடுவாங்க மச்சான். முடிச்சிட்டு வரேன்."

அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு பெடலை மிதித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மேளம் கொஞ்ச தூரம் வரை கேட்டது, பிறகு தானாக அடங்கியது.

ஓட்டத்தில் முழங்கால் கெஞ்சியது. பாதி தூரம் ஓட்டம், பாதி நடை. கெடு முடிய இருக்கையில் கோட்டைத் தாண்டினார். மாலிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான் வந்தாரா?" என்று கேட்டார் பலராமன்.

"இல்லண்ணே. அப்பவே வூட்டுக்குப் போயிட்டாராம்."

சாயங்காலம் ஆதிலட்சுமி அவரை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். "நீங்க வாயத் தொறக்காதீங்க, நான் பேசிக்கறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். முத்துசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். காபி வந்தது.

"முடிச்சீங்களா?" என்றார் கடைசியில், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முடிச்சேன் மச்சான்."

"எத்தினியாவது?"

"எனக்குப் பின்னால ரெண்டு பேரு."

"ரூல்ஸாமே. புகழேந்தி சொன்னான்."

ஆதிலட்சுமி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். "அதாண்ணா. அந்த சால்வைய இப்ப போத்திடேன்."

"நடு ரோட்ல விரிச்சதை வூட்டுக்குள்ள போத்தினா எவன் பாக்கப் போறான்? முக்கூட்டுல இருந்தவன்லாம் நான் பேமானி மாதிரி நின்னதைத்தான் பாத்தான்." முத்துசாமி டிவியை நிறுத்தினார். "அடுத்த வருசமும் இது உண்டு இல்ல? முடியற எடம் எதுன்னு புகழேந்திய மொதல்லயே சொல்லிடச் சொல்லு. அங்க வந்து நிக்கறேன். அதுவரைக்கும் பீரோல கெடக்கட்டும்."

இத்தோடு சரி, இனிமேல் ஓட்டம் இல்லை என்று பலராமன் வரும் வழியில்தான் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கையை மெல்ல எடுத்தார்.

"சின்ன ரேஸ் எதுக்கு மச்சான்? அடுத்த வருசம் இதுல ரெண்டு மடங்கு தூரம் ஓடறேன்."

ஆதிலட்சுமி அவர் பாதி குடித்திருந்த காபியையும் சேர்த்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.