ஒரு வரியில் இரண்டு பாயின்டர்கள்

ஜெர்மனியின் வுப்பர்டாலில் எம்.எஸ். படிக்கப் போன முதல் ஆண்டிலேயே சி நிரல்மொழித் தேர்வில் தோற்றேன். மறுதேர்விலும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் நான் மனப்பாடப் புலி. பொறியியல் கல்லூரியில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, அத்தனை புரோகிராம்களையும் அரைப்புள்ளி உட்பட நெட்டுருப் போட்டு, பாயின்டர் என்றால் என்னவென்றே தெரியாமல் முதல் வகுப்பில் தேறியவன். இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, பார்த்தே இராத கணக்கைக் கொடுத்தார்கள்.

இன்னொரு மாறியின் முகவரியை வைத்திருக்கும் மாறிதான் பாயின்டர். அதுவரை எப்படியோ புரிந்துவிட்டது. அதை அறிவிக்கும் வரிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு பாயின்டர் வேண்டுமென்று int* p, q; என்று எழுதுவேன். p ஒழுங்காக இருக்கும். q-வில் முகவரியை வைத்தால், நிரலைப் படித்துப் பிழை சொல்லும் கம்பைலர் கத்தும். நான் உருப்போட்ட நோட்டில் ஒரு வரிக்கு ஒரு பாயின்டர்தான் இருந்தது.

கேட்க ஆள் இருந்தாள். பக்கத்து நகரமான எசனிலிருந்து ரயிலில் வரும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், ஆய்வகத்தில் என் பக்கத்து நாற்காலி. அவளிடம்தான் முதல் வாரமே, "சி எல்லாம் காலேஜ்லயே முடிச்சாச்சுங்க" என்று அளந்திருந்தேன். அந்த வறட்டு கௌரவம் வாயைக் கட்டிப்போட்டது. அறையிலும் பேச ஆளில்லை. சனி, ஞாயிறு முழுக்க வாய் திறக்காமல் கிடந்துவிட்டுத் திங்கள் காலை பஸ் டிரைவரிடம் பேசினால், குரல் கரகரத்தது. அப்படியொரு தனிமையை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

ஒரு மதியம் திரையைப் பார்த்தபடியே கண் கலங்கிவிட்டது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஸ்டார் int-ஓட சேராது அண்ணை. p-க்கு மட்டும்தான். q-வும் பாயின்டரா வேணுமெண்டால், அதுக்கு முன்னாலயும் ஒண்டு போடுங்கோ."

போட்டேன். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.

"முதலே கேட்டிருக்கலாமே?" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சுங்க" என்றேன். சிரித்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

மறுதேர்வின் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது அவள் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தாள். என் எண்ணுக்கு நேரே தேர்ச்சி. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தொலைபேசிக் கடைக்கு ஓடி வீட்டுக்குப் போட்டேன். அப்பா எடுத்தார்.

"என்னப்பா, ஏதாவது விசேஷமா?"

முதல் தேர்வில் தோற்ற அன்றே, தேறிவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தேன்.

"சும்மாதான்ப்பா" என்றேன். "அங்க மழையா?"