தெற்குப் பக்கத்து ஐந்து சதுரங்கள்

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றிய நல்ல சொற்களையே எதிர்பார்ப்பீர்கள். அவை குறைவில்லாமல் இருக்கின்றன. அவற்றோடு என்னைப் பற்றிய ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து செகந்திராபாத் வந்தபோது அக்காவுக்கு மூன்று வயது. நான் இங்கேதான் பிறந்தேன். வீட்டில் நெல்லைத் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் உருதுவும். அக்கா மூன்றையும் கலந்தே கடைசிவரை பேசினார். கல்லூரியில் தாவரவியல் படித்து ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த ஆண்டில் அப்பா இறந்துபோனார். அக்கா ஆராய்ச்சியை ஒத்திவைத்துப் பள்ளி ஆசிரியையானார். நான் பொறியியல் முடித்து நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்த பிறகுதான் தம் படிப்புக்குத் திரும்பினார். அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் யாரையும் காரணம் சொன்னதில்லை.

அவர் ஆராய்ந்தது புல்வெளிகளையும் புதர்க்காடுகளையும். இந்தப் பீடபூமியின் மண்ணுக்கே உரிய செடிகளில் எவை நிற்கின்றன, எவை போகின்றன, போன இடத்தில் எது வந்து உட்காருகிறது என்று பார்ப்பதே அவர் வேலை. விகாராபாத் பக்கத்துக் காடுகளில் தொடங்கி, பின்னர் எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்த பாறைமேட்டையும் சேர்த்துக்கொண்டார். அங்கே பன்னிரண்டு இடங்களில் ஒரு மீட்டர் சதுரம் அளந்து, நான்கு மூலையிலும் இரும்புக் கம்பி அடித்தார். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு சதுரத்தின் முன்பும் மண்டியிட்டு, ஊசிப்புல் எத்தனை தூர், விஷ்ணுக்கிரந்தி எத்தனை என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவார். ஆண்டுதோறும் அதே சதுரம்தான். விரற்கடை நகர்ந்தாலும் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது என்பார்.

காலனியில் அவருக்கு 'கட்டி மேடம்' என்று பெயர். தெலுங்கில் கட்டி என்றால் புல். நானும் கேலி செய்திருக்கிறேன்.

"மாடு திங்கிற புல்லுக்கு ஒரு நோட்டாக்கா?"

"ஹவ், ஆமா. மாட்டுக்கு வித்தியாசம் தெரியுது. இன்ஜினியருக்குத் தெரியலயே!"

ஒருநாள் அந்த மேட்டைத் தரிசு என்று சொல்லிவிட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு சதுரத்தின் முன் உட்காரவைத்தார். "ஏல, நல்லாப் பாரு. வானம்பாடி இதுலதான் கூடு வைக்குது. மரம் இல்லைன்னா தரிசுன்னு ஒனக்கு யார் சொன்னா?" என்றார். கால் மணி நேரம் பார்த்தேன். எனக்கு முட்டி வலித்தது, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபின் காலனி நலச்சங்கத்தின் செயலாளரானேன். மரக்கன்று நடும் விழா ஒன்றை ஏற்பாடு செய்தேன். இடம் அந்த மேடு. கன்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம், சீக்கிரம் வளரும் என்றார்கள். அக்கா அப்போது களப்பணிக்காக மகாராஷ்டிரம் போயிருந்தார். அவர் இருந்தால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். வாழ்நாள் முழுவதும் 'மேடத்தின் தம்பி'யாக இருந்த எனக்கு, என் பெயர் பொறித்த ஒரு பலகை வேண்டியிருந்தது.

வடக்குப் பக்கம் குழி தோண்டுவதற்கு இயந்திரம் வந்தது; அங்கிருந்த ஏழு சதுரங்களும் அதில் அழிந்தன. தெற்குப் பக்கம் பந்தலும் நாற்காலிகளும். அங்கே இருந்த ஐந்து சதுரங்களின் கம்பிகள் விருந்தினர் காலில் இடறும் என்று, முந்தின நாள் மாலையில் நானே என் கையால் பிடுங்கினேன். மேலே ஒரு சுற்றுச் செம்மண் பரப்பச் சொன்னேன். கம்பிகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன்.

விழா முடிந்த மூன்றாம் நாள் அக்கா ஊர் திரும்பினார். பையைக்கூட இறக்காமல் நேரே மேட்டுக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன்.

"கம்பியெல்லாம் எங்கடே?"

"மெஷின்காரன் பிடுங்கிப் போட்டுட்டான்க்கா. நா கவனிக்கல."

"தெக்குப் பக்கமும் மெஷின் போச்சா? இல்ல, சும்மா மண்ணு மட்டும் போட்டதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சுரண்டிட்டுத்தான் மண்ணு போட்டான்."

அந்தக் கேள்வியின் பொருள் அப்போதே எனக்குப் புரிந்தது. தெற்கில் இயந்திரம் ஏறவே இல்லை. செம்மண்ணை விளக்குமாற்றால் தள்ளியிருந்தால் கம்பி நின்ற துளைகள் தெரிந்திருக்கும்; புதுக் கம்பி அடித்து ஐந்து சதுரங்களைக் காப்பாற்றியிருக்கலாம். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் பெருமழை பெய்தது. துளைகள் மூடிக்கொண்டன. பத்தொன்பது ஆண்டுக் கணக்கு அதோடு நின்றது. மரம் நட்டதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் பதிலுக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

அக்கா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அடுத்த ஆண்டு விகாராபாத் அருகே வேறொரு புல்வெளியில் முதலிலிருந்து தொடங்கினார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. சுத்தியலை என்னிடம் கொடுத்துக் கம்பி அடிக்கச் சொன்னார்.

"இனி இருபது வருஷம் யாருக்கா எண்ணுறது?" என்று கேட்டேன்.

"எண்ணுறவ எண்ணுவா. நீ கோணாம அடி," என்றார்.

எண்ணுகிறவர் வந்தார். அக்காவின் மாணவி ஸ்ரீலதா. இன்று அந்தப் புல்வெளியின் கணக்கு அவர் கையில் இருக்கிறது.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொண்டார். "தம்பி, அந்த மெஷின்காரப் பையனைக் கூப்பிட்டு வச்சு அன்னைக்கு ரொம்பத் திட்டிட்டேன்டே. நா இல்ல மேடம், நா இல்லன்னு அழுதான். பாவம், புல்லப் பத்தி அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்றார். போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் மன்னித்த ஆள் தவறான ஆள்.

உங்களில் பலர் இன்றும் 'அந்த மெஷின்காரன் கெடுத்தான்' என்கிறீர்கள். இனி அப்படிச் சொல்லாதீர்கள். அந்த ஓட்டுநரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்த மலர் வழியாக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்காவை இரவு பகலாகக் கவனித்த செவிலியர்களுக்கும், ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த என் மருமகளுக்கும், மாதாப்பூரில் அலுவலகம் முடித்து நேரே மருத்துவமனைக்கு வந்து ரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். அவர் பெயரில் மரம் நட விரும்புவதாகச் சிலர் அன்போடு எழுதியிருந்தீர்கள். வேண்டாம்.

ஸ்ரீலதாவுக்கு நான் சொல்லும் நன்றி வேறு வகையானது. சென்ற மாதம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய குறிப்பேட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அக்காவின் கையெழுத்தில், 'தெற்கு, ஐந்து சதுரங்கள்: இயந்திரத்தால் அழிந்தன' என்று இருந்தது.

"இது தப்பு டேட்டா, அங்கிள்," என்றார். தெலுங்குக்காரப் பெண்; தமிழ் அக்காவிடம் கற்றது.

"கிழிச்சிடலாமாம்மா?"

"நக்கோ, வேணாம் அங்கிள். மேடம் எதையும் கிழிக்க விடமாட்டாங்க. ஒரே ஒரு கோடு போடுங்க, பழசும் படிக்கிற மாதிரி இருக்கணும். கீழ சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நான் சொன்னதையே அக்கா எழுதியிருந்தார். அத்தனை குறிப்பேடுகளிலும் பொய்யான வரி அது ஒன்றுதான், அதை அவருக்குக் கொடுத்தவன் நான். கோடு போட்டேன். கீழே, 'கம்பிகளைப் பிடுங்கியவன் தம்பி. மண் சுரண்டப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.