பத்து காஜா தாண்டினால் கைலி

இப்போது எனக்கு வேலை ஈப்போவிலேயே. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலையானால் ரயிலில் கூட வந்த அந்த அண்ணன் நினைவு வந்துவிடுகிறது.

அப்போதெல்லாம் இருவரும் வாரம் முழுக்கக் கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு ஒரே ரயிலில் ஈப்போவுக்கு வீடு திரும்புவோம். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. ஈப்போவுக்கு முந்தின பத்து காஜா ஸ்டேஷன் தாண்டியதும் பையோடு கழிவறைக்குப் போவார். சாயம்போன பனியனும் கைலியுமாகத் திரும்பி வருவார்.

“வீட்டுக்குப் போயி மாத்திக்கலாமே, அண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆபீஸ் சட்டையோட போனா, மக விருந்தாளியப் பாக்குற மாதிரி பாக்குறா லா. இப்படிப் போனா, கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்.”

சிரித்துக்கொண்டே இறங்கினேன். வீட்டில், நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்த என் ஆறு வயது மகன் என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தான்.

“வாங்க, உக்காருங்க” என்றான்.