இருபது என்று சொன்னேன்

ஈஜிபுரா பிரவுசிங் சென்டரில் கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது. ஆன்லைனில் மகப்பேறு செவிலியர் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். கடைக்காரப் பெண் மல்லிகா, நிறைமாத வயிற்றோடு, எனக்காக அவசரமாக டைப் செய்தாள்.

“நீங்களே தனியா எத்தன பிரசவம் பாத்திருக்கீங்க சிஸ்டர்? கொறஞ்சது இருபது வேணுமாம்.”

“இருபது” என்றேன். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. பயிற்சியில் ஒரே பிரசவத்தை மூன்று மாணவிகள் அவரவர் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

மல்லிகா வயிற்றைத் தடவினாள். “அப்ப எனக்குப் பயமில்ல. உங்க ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்.”

திரையில் இருந்த இருபதைக் காட்டினேன். “ஏழுன்னு மாத்தும்மா. நெசமா பாத்தது ஏழுதான்.”

“ஏழும் நல்லபடியா பொறந்துச்சா?”

“பொறந்துச்சு.”

“அப்பவும் வர்றேன்” என்றபடி படிவத்தை அனுப்பினாள்.

இடம் கிடைக்கவில்லை. எட்டாவது பிரசவம் மல்லிகாவுடையது. டாக்டர் வருமுன்னே அவள் மகள் என் கைக்கு வந்துவிட்டாள். இருபது என்றே விட்டிருந்தால், அந்தக் கை நடுங்கியிருக்கும்.